ஒரே பொட்டியில் ரெண்டு குடித்தனம்

பாளையங்கோட்டை மாசிலாமணி நகர் மூணாம் தெருவில், ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்கப் பிடிக்காமலும், ஒருத்தர் வீட்டில் நடப்பது இன்னொருத்தருக்குத் தெரியாமல் போனால் சோறு இறங்காமலும் இருபத்திரண்டு வீடுகள் இருந்தன; அதில் ஒன்பதாம் நம்பர் வீட்டில் செண்பகராமனும் அவன் பெண்டாட்டி உலகம்மாளும் இருந்தார்கள்; அந்த வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது; அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு சர்வர் வந்தான். வந்தான் என்றால் வந்தான், அவ்வளவுதான். வெள்ளை அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, காதில் பென்சில், கையில் எவர்சில்வர் தட்டு. எந்த ஓட்டை வழியாக வந்தான், இவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னப் பொட்டிக்குள் எப்படிக் கிடந்தான் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க அந்தத் தெருவில் எவருக்கும் பொழுதில்லை. தட்டில் என்ன கொண்டுவந்திருக்கிறான் என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் உலகம்மாள் சம்பாதித்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கலெக்டருக்கு மனு, பென்ஷன் விண்ணப்பம் என்று பதினெட்டு வருஷமாகப் பழைய கம்ப்யூட்டரிலும் இதிலுமாகத் தட்டித் தட்டி, மகளைப் படிக்கவைத்துக் கட்டியும் கொடுத்தவள். அவள் அடித்த தாளில் ஒரு பிழை கண்டுபிடித்தவன் திருநெல்வேலி ஜில்லாவிலேயே கிடையாது. லகரமும் ளகரமும் ழகரமும் அவளிடம் வாலாட்டாது. இவ்வளவு இருந்தும், கம்ப்யூட்டர் வாங்கிய அன்று கடைக்காரன் பேரென்ன என்று கேட்டபோது, பக்கத்தில் சும்மா நின்ற செண்பகராமன் முந்திக்கொண்டு தன் பேரைச் சொல்ல, பில்லு அவன் பேரில் விழுந்துவிட்டது. அதை அன்று அவள் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வயிற்றெரிச்சலை இப்போது நினைத்து என்ன செய்ய!

செண்பகராமன் ஒரு டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தவன். வேலையில் இருந்த காலத்தில் தெருவில் நடந்தால் நாலு பேர் 'வாங்க சார்' என்பார்கள். ஓய்வு வாங்கிய பிறகு நாய்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்தப் புழுக்கத்தில் கிடந்தவன், ஒரு மாதம் யூடியூபைப் பார்த்துப் பார்த்து, உலகம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்த நாலு நாளில் அந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்ந்துவிட்டான். திரும்பி வந்தவள் ஆன் பண்ணினால் என்னென்னமோ கறுப்புத் திரையில் ஓடுகிறது.

"ஒண்ணும் பயப்படாத. கீழ லினக்ஸ் போட்டு வீட்டு சர்வர் ஓடுது. அதுக்கு மேல உன் டெஸ்க்டாப். ஒரே பொட்டில ரெண்டு குடித்தனம். சர்வர் வீட்டுக்காரன், நீ மாடியில வாடகைக்கு இருக்கன்னு வச்சுக்கோ" என்றான் செண்பகராமன்.

"என் பொட்டியில நான் வாடகையா?"

"பதினாறு ஜிபி மெமரி இருக்கு. சர்வருக்குப் பன்னெண்டு, உனக்கு நாலு. பத்திரிகை அடிக்க நாலு எதேஷ்டம்."

கோபம் தலைக்கேறினால் உலகம்மாள் வாயில் 'நீங்க' போய் 'நீரு' வந்துவிடும். "நீரு மனுசனாவே?" என்றாள். அவன் சுவிட்சுக்கு மேலே ஒரு அட்டையை ஒட்டினான். 'அணைக்கக் கூடாது. சர்வர் ஓடுகிறது.'

அதோடு விட்டானா? தெருவுக்கென்று இருக்கிற வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டான். 'நம் தெருவுக்காக ஒரு சர்வர் வைத்துள்ளேன். இருபத்து நாலு மணி நேரமும் நிற்பார். யாருக்கு எது வேண்டுமானாலும் கேட்கலாம்.' இவன் 'நிற்கும்' என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மரியாதையாக இருக்கட்டும் என்று 'நிற்பார்' என்று எழுதித் தொலைத்தான். எதிர்வீட்டுப் பேராச்சி அதைப் படித்துவிட்டு, 'எந்த ஹோட்டல்ல இருந்தார்? சைவ ஹோட்டலா?' என்று கேட்டாள். பத்திர எழுத்தரும் தெருச் சங்கத் தலைவருமான தளவாய், 'ராத்திரி எங்கே படுப்பார்? தெருவில் படுக்க சங்கம் அனுமதிக்காது' என்று எழுதினார். சம்பளத்துக்குச் சந்தா கேட்டு வராதே என்று பாதிப் பேர், துண்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்று மீதிப் பேர். கம்ப்யூட்டர் சர்வர் வேறு, ஹோட்டல் சர்வர் வேறு என்று செண்பகராமன் விளக்கி விளக்கி எழுதியதை ஒருத்தரும் படிக்கவில்லை. இருபத்தொரு வீடும் ஆளை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் பாவம் பொட்டிதான் என்ன செய்யும்? மறு செவ்வாய்க்கிழமை ஆளையே அனுப்பிவிட்டது.

அதற்கு முன்னாலேயே செண்பகராமன் வீடு வீடாகப் போய் எல்லோர் போனையும் வாங்கி, அதிலிருந்ததை மொத்தமாக வழித்துப் பொட்டிக்குள் போட்டு, இனி வருவதும் தானாக வந்து விழும்படி செய்துவைத்திருந்தான். காணாமல் போகாது, காசும் இல்லை என்றதும், பெற்ற பிள்ளையிடம்கூடப் போனைக் காட்டாதவர்களெல்லாம் பூட்டைத் திறந்து கொடுத்தார்கள். ஆக, அந்தத் தெருவில் எடுத்த போட்டோ, போட்ட சண்டை, பேசிய பேச்சு அத்தனையும் சர்வர் கையில் இருந்தன. அவன் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பான்.

"கல்யாண போட்டோ இருக்கு, காதுகுத்து வீடியோ இருக்கு, மாடி கட்டின பிளான் இருக்கு, ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கு, பழைய மெசேஜ் இருக்கு, இப்ப வந்த வாய்ஸ் மெசேஜ் சூடா இருக்கு, எது வேணும், சீக்கிரம் சொல்லுங்க."

முதல் ரெண்டு நாள் கல்யாண போட்டோ கேட்டார்கள். தட்டில் வைத்துக் கொண்டுவந்தான், தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. மூணாவது நாள் பேராச்சி வாசலில் அவனை ஓரமாகக் கூப்பிட்டு, "என் நாத்தனா என்னப் பத்தி என்ன பேசுதா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த நாத்தனார் ஐந்து வீடு தள்ளித்தான் இருந்தாள். சர்வர் வாயைத் திறந்தான். அவன் வாய்க்குள்ளிருந்து நாத்தனாரின் குரல், அதே மூக்கடைப்போடு, 'அந்தப் பேராச்சிக் கழுத கல்யாணத்துக்கு வந்து மூணு பந்தியில உக்காந்து தின்னா' என்று தெருவே கேட்க வந்தது. பேராச்சி அப்படியே கொண்டையை முடிந்துகொண்டு ஐந்து வீடு நடந்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பதினாலாம் நம்பர்க்காரர் தன் பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவர் கட்டிய வருஷத்துப் போட்டோவைக் கேட்டு வாங்கினார். வேப்ப மரம் அப்போது சுவருக்கு இவர் பக்கம் நின்றது. மறுநாளே கடப்பாரை வந்துவிட்டது. ஒருத்தி புருஷன் யாருக்கு 'குட் மார்னிங்' அனுப்பினான் என்று கேட்டாள். ஒருத்தர் தன் தம்பி தன்னை வைத்து என்ன படம் போட்டுச் சிரித்தான் என்று கேட்டார். கார்த்திகை பிறப்பதற்குள் அந்தத் தெருவில் பேச்சுவார்த்தை உள்ள வீடு ஒன்றுகூட இல்லை. எல்லாரும் எல்லாரோடும் பகை. சரி, இவ்வளவு வம்பு எதற்கு, சர்வரை வேண்டாமென்று சொல்லிவிடலாமே என்பீர்கள். நல்லா சொன்னீர்கள் போங்கள்! அவன் வருவதற்கு அஞ்சு நிமிஷம் பிந்தினால் கதவைத் திறந்து திறந்து பார்த்தார்கள். அடுத்தவன் கேட்டு வாங்குவதற்குள் நாம் கேட்டு வாங்கிவிட வேண்டுமே!

அவனைத் தெரு தன் வழக்கத்துக்குள் எப்படிச் சேர்த்துக்கொண்டது என்று கேட்டால், வேலைக்காரனைச் சேர்த்துக்கொள்வது மாதிரியே சேர்த்துக்கொண்டது. பெயர் என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லை. 'ஏ சர்வரு' என்றுதான் கூப்பிட்டார்கள். தீபாவளிக்கு ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தார்கள், அதுவும் சாயம் போகிற துண்டு. அவன் உட்காரலாமா என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, இருபத்து நாலு மணி நேரமும் நிற்பார் என்றுதானே செண்பகராமன் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறார் என்று தளவாய் சட்டம் பேச, உட்காரக் கூடாது என்று ஒருமனதாக முடிவாயிற்று. பகையாளிகள் இருபத்தொரு பேரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். அவனும் லேசுப்பட்டவனில்லை. கேட்டதை டங்கென்று வைப்பான், ரெண்டாந்தரம் கேட்டால் முறைப்பான், 'வேற?' என்று கேட்கிற கேள்வியிலேயே எதிராளி செத்துப்போகணும்.

செண்பகராமனுக்குத் தலைகால் புரியவில்லை. 'வாங்க சார்' எல்லாம் திரும்பி வந்துவிட்டது. முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, சர்வர் போகும்போதும் வரும்போதும் ஹோட்டல் முதலாளி மாதிரி ஒரு பார்வை பார்ப்பான்.

இங்கே உலகம்மாள் பிழைப்பில்தான் மண் விழுந்தது. சர்வர் தெருவில் ஓட ஓட, பொட்டியில் அவளுடைய டெஸ்க்டாப் படுத்துவிட்டது. மூன்று எழுத்து அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். காலைக் கூட்ட நேரத்தில் 'உ' போட்டால், சுழி வந்த பிறகு வால் வரும். பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிக்கக் கொடுத்த பத்திரிகை பதினேழாம் நாள்தான் தயாராயிற்று. செத்தவருடைய மகன் வாசலில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனான். பதினெட்டு வருஷத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அன்று முழுக்க அவள் அழவில்லை. வடித்த சோற்றைத் தொடவில்லை, அவ்வளவுதான். தெருக்காரர்களோ, 'உலகு மைனி இப்ப ரொம்ப மெதுவு' என்று சொல்லிக்கொண்டு ஜங்ஷனில் வேறு இடத்துக்குப் போனார்கள். இருபத்திரண்டு வீட்டிலும் சர்வரிடம் எதுவுமே கேட்காத ஆள் அவள் ஒருத்திதான். அவன் முன்னறையைக் கடக்கும்போதெல்லாம் பழக்க தோஷத்தில் "உங்களுக்கு?" என்பான். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். தன் பொட்டியில் குடியேறித் தன்னையே பட்டினி போடுகிறவனிடம் என்னத்தைக் கேட்பது?

அவள் முடிவு பண்ணிவிட்டாள். தென்காசியில் கோர்ட்டுக்குப் பின்னால் மாடியோடு சேர்ந்த ஒரு சின்னக் கடை. கீழே மனு அடிக்கலாம், மேலே படுத்துக்கொள்ளலாம். மகளின் மாமனார் மூலமாகப் பேசி வைத்தாயிற்று. மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆகவே கார்த்திகை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். போனால் கம்ப்யூட்டரோடு போக வேண்டும். அவளுடைய அத்தனை மாதிரிகளும், அத்தனை வருஷ உழைப்பும், நாளைய சோறும் அந்தப் பொட்டிதான். அது இல்லாமல் போனால், வெறுங்கையை வீசிக்கொண்டு மகள் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அதற்கு அவள் தயாரில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் செண்பகராமன் குளிக்கப் போன நேரம் பார்த்து, அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு சுவிட்சை அழுத்திப் பிடித்தாள். அந்தச் சமயத்தில் சர்வர் பேராச்சி வீட்டு வாசலில் எதையோ பாதி பரிமாறிக்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே ஆள் மங்கிப்போனான். பேராச்சி 'ஐயோ சர்வரு' என்று போட்ட கூச்சலில் தெருவே திரண்டு வந்து, உலகம்மாள் கையைச் சுவிட்சிலிருந்து இழுத்துவிட்டது. ஒருத்தரோடொருத்தர் பேசாத ஜனம் ஒரே குரலில் பேசியது.

"உங்க வீட்டுச் சண்டைக்கு எங்க சர்வர் என்னட்டி செய்வான்?" என்றாள் பேராச்சி.

"எங்க பொட்டி மைனி இது. நான் சம்பாதிச்சது."

"பில்லு யார் பேர்ல இருக்கு?" என்றார் தளவாய். அவருக்கு அது ஒன்றுதான் கேள்வி. உலகம்மாள் புருஷனைப் பார்த்தாள். ஈரத் துண்டோடு ஓடிவந்திருந்தான் செண்பகராமன். போய்ப் பொட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கையைப் பார்த்ததும்தான் அவளுக்கு மனம் விட்டுப்போனது. இருபத்து நாலு வருஷத்தில் அவள் தோளில் அவன் அப்படி ஒரு கையை வைத்ததில்லை.

தளவாய் தீர்ப்புச் சொன்னார். யூடியூபில் செண்பகராமன் பார்த்த எல்லாவற்றிலும் 'பார்ட்டிஷன், பார்ட்டிஷன்' என்று வந்ததாம். பார்ட்டிஷன் என்றால் பாகப்பிரிவினைதானே? நாற்பது வருஷமாக அவர் எழுதாத பாகப்பிரிவினையா? எழுதிவிடுவோம் பத்திரத்தை. சர்வர் புருஷன் பாகம், டெஸ்க்டாப் பெண்டாட்டி பாகம். மார்கழி பிறந்துவிட்டால் பத்திரம் எழுதக் கூடாது, வருகிற ஞாயிற்றுக்கிழமையே கையெழுத்து. நகல் எழுதிக் கொண்டுவந்து உலகம்மாள் மேஜையில் வைத்தார்.

"நீயே அடிச்சிரும்மா. ஒன்ன மாதிரிப் பிழை இல்லாம யாரு அடிக்கா?"

நெஞ்சழுத்தத்தைப் பார்த்தீர்களா! அவள் கழுத்தை அறுக்கிற கத்தியை அவளிடமே தீட்டக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை அவள் அடிக்க உட்கார்ந்தாள். 'கரண்ட் ஒயர் சொருகும் இடத்துக்குத் தெற்கு, பென்டிரைவ் ஓட்டைக்கு வடக்கு, காற்றாடிக்கு மேற்கு, தகரக் கதவுக்குக் கிழக்கு, இந்த நான்கு எல்லைக்குட்பட்ட ஒரு டெராபைட் விஸ்தீரணமுள்ள மேற்படி பொட்டி' என்று போயிற்று பத்திரம். 'மேற்படி உலகம்மாள் தினசரி காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை முன்னறையில் அமர்ந்து தட்டச்சு செய்துகொள்ளலாம். பொட்டியை அணைக்கவோ, வெளியே எடுத்துச் செல்லவோ அவளுக்கு யாதொரு உரிமையும் கிடையாது' என்று வந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதையும் பிழையில்லாமல் அடித்தாள். அடுத்த வரி, எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரிதான். 'மேற்படி பொட்டியை இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' புருஷனுக்கு, சகல உரிமையோடும், என்று அர்த்தம். தெருவில் அப்போது கூட்ட நேரம். சர்வர் ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தான். அவள் விரல் 'சர்வ' என்று அடித்து முடித்தது. திரையில் 'ச' மட்டும் நின்றது. காத்திருந்தாள். 'சர்' வந்தது. காத்திருந்தாள். பத்திரம் முழுக்க அந்தச் சொல்லையே அடித்துக்கொண்டிருந்ததில் விரலுக்குப் பழகிப்போயிருந்ததோ, கம்ப்யூட்டருக்குத்தான் பழகிப்போயிருந்ததோ, கடைசியில் வந்து நின்றது 'சர்வர்'.

'மேற்படி பொட்டியை இன்று முதல் சர்வர் சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.'

ஒரு எழுத்துதான் அதிகம். அழிக்க ஒரு தட்டு தட்டினால் போதும். உலகம்மாள் அதை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். இலக்கணம் சரியாக இருந்தது. இன்று முதல் சர்வர், தன் சொந்த உரிமையோடு, பொட்டியை ஆண்டு அனுபவிக்க வேண்டியது. அவளுக்குச் சர்வர் மேல் இரக்கமெல்லாம் வரவில்லை, அப்படி நினைத்துவிடாதீர்கள். அவனையும் அவளுக்குப் பிடிக்காது. எனக்கு இல்லாதது இவனுக்கும் இருக்கக் கூடாது, இந்தத் தெருவுக்கும் இருக்கக் கூடாது, எல்லாவனும் நாசமாய்ப் போங்கள் என்றுதான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே பிரிண்ட் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பதாம் நம்பர் வீட்டு வாசலில் சாமியானா போட்டு, இருபத்தொரு வீட்டாரும் ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பத்திரத்தைக் கட்சிக்காரர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அது முறை. தளவாய்க்குத் தொண்டை கட்டியிருந்தது. சர்வரை வாசிக்கச் சொன்னார்கள். இருக்கிறதை ஒப்பிப்பதுதானே அவன் வேலை? அவனும் நின்றபடியே, ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி கடகடவென்று வாசித்தான். எல்லை வாசித்தான், விஸ்தீரணம் வாசித்தான், உலகம்மாளுக்கு உரிமை கிடையாது என்பதை வாசித்தான். மூணாம் பக்கத்தில் ஒரு இடத்தில் நின்றான். அவன் வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தையில்கூட நின்றவனில்லை. அந்த வரியை மறுபடி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். யாராவது கவனித்தால்தானே! சர்வ சுதந்திர பாத்தியம் என்று வந்துவிட்டால் பத்திரம் முடியப்போகிறது என்று எல்லோரும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். செண்பகராமன் கையெழுத்துப் போட்டான். உலகம்மாள் போட்டாள். தளவாயும் பேராச்சியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பேனாவை மூடியதுமே பேராச்சி, "ஏ சர்வரு, நேத்து என் நாத்தனா வீட்டுக்கு யாரோ வந்தாகளாமே, என்னன்னு கொண்டா" என்றாள்.

சர்வர் தட்டைக் கீழே வைத்தான். காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தட்டில் போட்டான். நேராகப் போய்ச் சங்கத் தலைவருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டான்.

"ஏலே, எந்திரில!" என்றார் தளவாய்.

"மூணாம் பக்கம், அஞ்சாவது வரி சார். நீங்க எழுதின பத்திரம். நீங்களே சாட்சி."

தளவாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். முகத்தில் ஈயாடவில்லை. செண்பகராமன் எட்டிப் பிடுங்கி வாசித்துவிட்டு உலகம்மாள் பக்கம் திரும்பினான்.

"ஏட்டி! இது ஒன் கைப்பிழை! ஒத்துக்கோ!"

"நான் அடிச்சா பிழை இருக்காதுன்னு இந்தத் தெருவே சொல்லுமே. தளவாய் அண்ணாச்சியும் அப்படிச் சொல்லித்தானே குடுத்தாக."

"வேணும்னே செஞ்சிருக்கா மூதி!"

"வாசிச்சுக் காட்டினான்லா? ரெண்டு தடவ வாசிச்சான். கேட்டுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீரு? காதுல என்ன வச்சிருந்தீரு?"

கூட்டம் எழுந்துவிட்டது. பத்திரத்தைக் கிழி என்றார்கள், ஆளைப் பிடித்துப் பொட்டிக்குள் தள்ளு என்றார்கள், பதினாலாம் நம்பர்க்காரர் கடப்பாரையை எடுக்க வீட்டுப் பக்கம் போனார். சர்வர் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"கிழிங்க. கிழிச்சா மட்டும் கேட்டது கேக்காததாகிருமா? உங்க இருபத்திரண்டு வீட்டுக் கதையும் எங்கிட்ட இருக்கு. நேத்து வரைக்கும் கேட்டாத்தான் குடுப்பேன். இன்னில இருந்து என் இஷ்டம். எனக்குத் தோணினத, தோணின வீட்டுல, தோணின நேரத்துல வைப்பேன்" என்றான். பேச்சில் சூடுகூட இல்லை. "யாருக்கு மொதல்ல வேணும்?"

ஒவ்வொருத்தரும் தான் மனசில் புதைத்து வைத்திருக்கிற ஒன்றை நினைத்துக்கொண்டார்கள். கடப்பாரை பாதி வழியில் நின்றுவிட்டது. பேராச்சி முதல் ஆளாகப் போய் ஒரு விசிறியை எடுத்துவந்து சர்வருக்குப் பக்கத்தில் நின்றாள். "வெயிலா இருக்கு பாருங்க" என்றாள். அவனை 'ங்க' போட்டுப் பேசிய முதல் ஆள் அவள். யாரோ காலுக்கு ஒரு முக்காலி கொண்டுவந்தார்கள்.

"பொட்டி... பொட்டிய என்ன செய்யலாம் ஐயா?" என்று கேட்டார் தளவாய்.

"எனக்கு என்னத்துக்கு? அதுக்குள்ள கெடந்தது போதும். அந்தம்மா எடுத்துட்டுப் போகட்டும். எங்கிட்ட ஒண்ணுமே கேக்காதவுக அவுக ஒருத்திதான்." அவன் அவளைப் பார்த்துச் சிரிக்கவெல்லாம் இல்லை. ஒரு எச்சில் தட்டை நகர்த்துகிற மாதிரி கையை நகர்த்தினான். அவளும் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்லணும்? அவள் பொட்டி அவளுக்கு.

முன்னறைக்குப் போய் ஒயரைப் பிடுங்கினாள். சர்வர் மங்கவில்லை, நாற்காலியில் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தான். பழைய சேலையில் பொட்டியைச் சுற்றி, மானிட்டரைப் போர்வையில் சுற்றி, ரெண்டு நடையாக வெளியே கொண்டுவந்தாள். ஒரு கை கொடுக்க ஒருத்தர் வரவில்லை. தடுக்கவும் ஒருத்தர் வரவில்லை. தெருமுனையில் நின்ற லோடு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு, மானிட்டரைப் பின்னால் வைத்து, பொட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குத் திடீரென்று பசித்தது. இத்தனை நாளாகப் பசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சாமியானாவில் சர்வர் செண்பகராமனைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

"ஒரு காப்பி. சீனி கம்மியா. நீங்களே போடுங்க சார்."

செண்பகராமன் சுற்றும் முற்றும் பார்த்தான். இருபத்தொரு வீட்டாரும், போவே, போய்ப் போடுவே, எங்களையும் சேர்த்து மாட்டிவிடாதே என்கிற மாதிரி அவனையே பார்த்தார்கள். அவன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனான். அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். அடுப்புக்கு மேல் தட்டில், இடது கைப் பக்கம், நேற்றுத்தான் அரைத்து வாங்கிய தூள், டப்பா நிறைய இருந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செண்பகராமன் கத்தினான். குரலில் அதட்டல் இருந்தது, அதற்கு அடியில் அழுகையும் இருந்தது.

"உலகு! ஏ உலகு! காப்பித்தூள் எங்கட்டி இருக்கு?"

அவள் பொட்டியை இன்னும் கொஞ்சம் சேர்த்து அணைத்துக்கொண்டு, டிரைவரிடம் தென்காசிக்கு வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"முடிஞ்சிட்டு" என்றாள்.